டெய்லர் அண்ணன் செய்த கைத்தாங்கி

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் சின்னமனூரில் குடியிருந்தேன். தேனி கடைவீதியில் தையல் மெஷின் விற்கிற ஒரு கடையில் மெக்கானிக் வேலை. மெஷினை விற்பது முதலாளி பாடு. விற்ற மெஷின் எந்த ஊரில் நின்றுபோனாலும் போய் ஓட வைப்பது என் பாடு. உத்தமபாளையம், கோம்பை, பண்ணைப்புரம், கம்பம், கூடலூர், அதற்கு மேலே லோயர் கேம்ப் வரைக்கும் என்னுடைய லைன். எந்த வீட்டில் என்ன ரிப்பேர் என்று கடையிலிருந்து சீட்டு எழுதி பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். நான் கருவிப் பெட்டியை கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் கிளம்பிவிடுவேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனி பிறந்தால் குமுளி மலைப் பக்கமிருந்து காற்று இறங்க ஆரம்பிக்கும். ஆடியில் கேட்கவே வேண்டாம். கம்பத்தைப் பார்த்துப் போகிறவன் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்காது, பின்னால் போகும் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம். திரும்பி வரும்போது மிதிக்காமலே வீடு வந்து சேரலாம். ஆனால் வேலைக்குப் போகிற காலை நேரத்தில் எனக்கு வாய்த்தது எப்போதும் எதிர்காற்றுதான்.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய ஸ்போர்ட்ஸ் மாடல் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். நேரான ஹேண்டில், கம்பி வயர் பிரேக். சீட்டை முடிந்த மட்டும் உயர்த்தினேன், ஹேண்டிலை முடிந்த மட்டும் இறக்கினேன். இப்போது குனிந்து, நெஞ்சை ஹேண்டில் மேல் சாய்த்தாற்போல ஓட்டலாம். காற்று தலைக்கு மேலே போய்விடும். உத்தமபாளையம் டீக்கடையில் என்னைப் பார்த்தால், சைக்கிள் மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டு போகிறான் பார் என்பார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. கால் மணி நேரம் மிச்சமாகிறதே! உடம்பின் பாரமெல்லாம் இரண்டு உள்ளங்கையிலும் இறங்குகிறது என்பதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

அந்த வைகாசியில் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகி நாலு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. வேலை முடிந்து வந்ததும் கையில் இருக்கிற மெஷின் ஆயிலைக்கூடக் கழுவாமல் தூக்கப் போவேன். என் மனைவி பிள்ளையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, முதலில் சோப்புப் போட்டு வாங்க என்று விரட்டுவாள்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு நாள் உத்தமபாளையத்தில் ஒரு தையல் கடையில் மெஷின் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசியை மாட்டிவிட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். கடைக்காரர் திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தார். பார்த்தால் என் இடது சுண்டுவிரல் ஓரத்தில் ஊசி இறங்கி ஏறியிருக்கிறது. ரத்தம் வடிகிறது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

வெளியே வந்து ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தினேன். விரலைக் கிள்ளிப் பார்த்தேன். தீக்குச்சியைக் கிழித்து, அணைத்து, சூடாக இருக்கும்போதே சுண்டுவிரலில் வைத்தேன். சுண்டுவிரலும், பக்கத்து விரலில் பாதியும், யாரோ இன்னொருவருடைய விரல் மாதிரி இருந்தது. வலது கையிலும் கொஞ்சம் அப்படித்தான். அந்தக் காலத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரே ஒரு பெயர்தான் ஞாபகத்துக்கு வரும். பெருவியாதி. தொழுநோயை அப்படித்தான் சொல்வோம். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கு அது வந்தது. தோட்டத்தில் தனியாக ஒரு குடிசை போட்டு உட்கார வைத்தார்கள். சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அவருடைய பிள்ளைகளை நாங்கள் விளையாட்டில் சேர்க்க மாட்டோம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் அந்தப் பெயரைச் சொல்லிவிடுவார் என்று பயம். வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டேன். ஊர் ஊராகப் போகிறேன், சளி பிடித்திருக்கிறது, பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று சொல்லி முன் அறையில் பாயைப் போட்டேன். பிள்ளையைத் தூக்குவதை நிறுத்தினேன். தொடுவதையே நிறுத்தினேன். என் மனைவி முதலில் ஒரு வாரம் நம்பினாள். ரசம் வைத்தாள், கஷாயம் போட்டுக் கொடுத்தாள். இருமலே இல்லாதவனுக்கு எத்தனை நாள் கஷாயம் கொடுப்பாள்? பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தாள். அப்புறம் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

ஆவணியில் பிள்ளை குப்புற விழப் பழகிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாயிலிருந்து புரண்டு என் முழங்கால் பக்கம் வந்து வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டது. நான் வேட்டியை உருவிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். அது இன்னும் கொஞ்சம் எட்டியது. நான் இன்னும் கொஞ்சம் தள்ளினேன். அடுப்படி வாசலில் நின்று என் மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வந்தாள். பிள்ளையைத் தூக்கினாள். சத்தம் போடவில்லை.

"பொட்டப்புள்ளன்னுதான தொட மாட்டேங்கிறீக? வாயத் தொறந்து சொல்லிருங்க. நான் மனச ஆத்திக்கிறேன்" என்றாள்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளை எடுத்து எங்கேயோ சுற்றிவிட்டு வந்தேன். என் பிள்ளை மேல் எனக்கு ஆசை இல்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கட்டும், அந்த நோயின் பெயர் மட்டும் வீட்டுக்குள் வர வேண்டாம் என்று இருந்தேன். எவ்வளவு பெரிய கோழை நான் என்று இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

புரட்டாசி முதல் வாரத்தில் முதலாளி என்னைத் தேனிக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கொஞ்சத் தூரத்தில், மலையடிவாரத்தில் ஒரு தொழுநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே குணமானவர்களுக்குத் தையல் வேலை கொடுத்திருந்தார்கள். மூன்று மெஷின் நின்றுபோய் ஒரு மாதமாகிறது, எந்த மெக்கானிக்கும் போக மாட்டேன் என்கிறான், நீ போவாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் உடனே சரி என்றேன். அவர் என் தோளைத் தட்டி, உனக்கு நல்ல மனசு என்றார். எனக்கு வரப்போகிற வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வரப் போகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

தையல் பிரிவு நீளமான ஓட்டுக் கட்டடம். ஆறு மெஷின்கள். நாலைந்து பேர் தைத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பொறுப்பாக இருந்தவர் என்னைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவராக இருப்பார். எல்லோரும் அவரை டெய்லர் என்றே கூப்பிட்டார்கள். போடிப் பக்கத்து ஊர்க்காரர். இரண்டு கையிலும் விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. ஆனால் அந்த மடங்கிய விரல்களால் துணியை நகர்த்தி அவர் அடித்த தையல், கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. நான் பெஞ்சில் என் துண்டை விரித்து அதன் மேல் உட்கார்ந்தேன். அவர் அதைப் பார்த்தார், பார்க்காதது மாதிரி இருந்துகொண்டார். இரண்டு கிளாஸில் டீ வந்தது. எனக்கு டீ பழக்கமில்லை என்று சொன்னேன். ஒரு நாளைக்கு ஏழு டீ குடிக்கிறவன் நான். அவர் இரண்டையும் தானே குடித்தார்.

மதியத்துக்குள் இரண்டு மெஷின் ஓடிவிட்டது. மூன்றாவதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அடித்தகட்டின் விளிம்பில் கை உரசியிருக்கிறது. கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுகிறது. நான் ஸ்குரூவைத் திருகிக்கொண்டே இருக்கிறேன். டெய்லர்தான் முதலில் பார்த்தார். அவர் துணியைப் பார்க்கவில்லை, காயத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வலிக்கிறது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்தில் எனக்குப் பொய் வரவில்லை. இல்லை என்று தலையாட்டினேன். எத்தனை நாளாக என்றார். ஆடியிலிருந்து என்றேன். வீட்டில் தெரியுமா என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு அழுதுவிட்டேன். மற்றவர்கள் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கையைக் காட்டினார், மறுபடி தைக்க ஆரம்பித்தார்கள்.

இப்போதே எழுந்திருங்கள், டாக்டரம்மாவைப் பார்ப்போம் என்றார். நான் நாளைக்கு வருகிறேன் என்றேன். அவர் விடவில்லை. முற்றத்தைத் தாண்டி நடக்கும்போது சொன்னார்.

"நானும் இப்படித்தான் அஞ்சு வருசம் மறைச்சேன். இந்த வெரலு மடங்குனது பாதி வியாதியால. மீதிப் பாதி நான் மறைச்சதால. நீங்க அந்தத் தப்பச் செய்யாதீக."

டாக்டரம்மா கேரளாக்காரர். ஐம்பது வயதிருக்கும். என்னை முதலில் உட்கார வைத்து, "பேடிக்கண்டா" என்றார். பயப்படாதே என்று அர்த்தம், எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அது புரியும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் உடம்பு முழுக்கத் தொட்டுத் தொட்டு எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். முதுகில் தேமல் இருக்கிறதா என்று பார்த்தார். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பை இரண்டு விரலால் உருட்டிப் பார்த்தார். காது மடலிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு என் உள்ளங்கையைத் திருப்பினார். சுண்டுவிரலுக்குக் கீழே, மணிக்கட்டை ஒட்டி இரண்டு கையிலும் காய்த்துப் போயிருந்தது. எப்படி வந்தது என்றார். சைக்கிள் என்றேன். எப்படிப் பிடிப்பாய், இந்த மேசை மேல் காட்டு என்றார். நான் வழக்கம்போல நெஞ்சைக் கவிழ்த்துக் காட்டினேன். அவர் அந்தக் காய்ப்பின் மேல் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினார். சுண்டுவிரல் நுனி வரைக்கும் மின்சாரம் பாய்ந்தது. இரண்டு மாதத்தில் அந்த விரலில் நான் உணர்ந்த முதல் விஷயம் அதுதான்.

அவர் சிரித்தார். இது நோய் கொடுத்தது மாதிரித் தெரியவில்லை, உன் சைக்கிள் கொடுத்தது என்றார். அந்த இடத்தில் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு போகிறதாம். தினம் முப்பது மைல் அதன் மேல் பாரத்தைப் போட்டு நசுக்கியிருக்கிறேன். ஆனாலும் பரிசோதனை முடிவு வரட்டும், வெளியே உட்கார் என்றார். அந்த நோயாகவே இருந்தாலும் மாத்திரை இருக்கிறது, சீக்கிரம் வந்தால் ஒரு விரல்கூட மடங்காது, அதற்கு ஏன் இரண்டு மாதம் ஒளிந்துகொண்டிருந்தாய் என்று கண்டித்தார்.

வேப்ப மரத்தடிப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டெய்லர் தன் வேலையை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்திருந்தார். அவருக்கு அப்படி உட்கார எந்த அவசியமும் இல்லை. தன் ஊரில் அவர் நல்ல பெயர் எடுத்த டெய்லர். நோய் முழுக்கக் குணமாகி மூன்று வருடமாகிவிட்டது, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்திருக்கிறார். பொங்கலுக்கு வீட்டுக்குப் போனால் அண்ணன் வீட்டில் நன்றாகத்தான் பேசுகிறார்கள். இலை மட்டும் வெளியே போடுகிறார்கள். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் பயம் அவர்களுக்கு என்றார்.

நாலு மணிக்கு முடிவு வந்தது. எனக்கு அந்த நோய் இல்லை. டெய்லர் என் தோள் இரண்டையும் பிடித்து உலுக்கினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வேன்? தனக்கு இருந்த ஒன்று எனக்கு இல்லை என்று தெரிந்து ஒருவர் அப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. காலையில் துண்டை விரித்து உட்கார்ந்தவன் நான். என்ன சொல்வதென்று தெரியாமல், அண்ணே, ஒரு டீ கிடைக்குமா என்றேன்.

"ஒங்களுக்குத்தான் டீ பழக்கமில்லையே" என்றார். பிறகு தானே போய் வாங்கி வந்தார்.

டாக்டரம்மா ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டார். ஆறு மாதம் உள்ளங்கையில் பாரம் படக் கூடாது. பட்டால் நரம்பு செத்துவிடும், அப்புறம் நோய் இல்லாமலே விரல் மடங்கும். சைக்கிளை விட்டுவிடு என்றார். சைக்கிளை விட்டால் எனக்கு வேலை இல்லை. ஹேண்டிலை உயர்த்தி நிமிர்ந்து ஓட்டலாம், ஆனால் அந்தக் காற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தால் கம்பம் போய்ச் சேர மதியமாகிவிடும். இதைச் சொல்லிக்கொண்டு சைக்கிளைத் தள்ளும்போது, டெய்லர் கொஞ்சம் இருங்க என்று சொல்லிவிட்டு, கட்டடத்துக்குப் பின்னாலிருந்து தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

அந்த மாதிரி சைக்கிளை நான் பார்த்ததில்லை. ஹேண்டிலின் இரண்டு பக்கமும் தகரத்தை வாய்க்கால் மாதிரி வளைத்து, கிளாம்ப் போட்டு முடுக்கியிருந்தது. உள்ளே மெத்தென்று கறுப்பு ரப்பர். அவற்றுக்கு நடுவிலிருந்து வளைந்த குழாய் ஒன்று முன்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. முன்கை இரண்டையும் அந்த வாய்க்காலில் வைத்துக்கொண்டு, விரலைக் குழாய் மேல் சும்மா போட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும். கைத்தாங்கி என்று அதற்கு அவரே பெயர் வைத்திருந்தார். அவர் உள்ளங்கையில் உணர்ச்சி கிடையாது. சாதாரண ஹேண்டிலைப் பிடித்தால் கொப்புளம் வந்து உடைந்து புண்ணானாலும் தெரியாது. அதனால் உள்ளங்கைக்கு வேலையே இல்லாதபடி செய்துகொண்டார்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். எனக்கு அது சரிப்படவில்லை. தோள் வலித்தது, முழங்கை எலும்பு இடித்தது. அவர் சிரித்தார். இது என் கைக்குச் செய்தது, உங்கள் கைக்கு வேறு செய்ய வேண்டும், சட்டை மாதிரிதான் என்றார். இஞ்சு டேப்பை எடுத்து என் முன்கையை அளந்தார். தோள் அகலத்தை அளந்தார். சைக்கிள் மேல் உட்கார வைத்துக் குனியச் சொல்லி, பக்கத்தில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். சனிக்கிழமை வரச் சொன்னார். அதுவரை பஸ்ஸில் போகச் சொல்லி, சைக்கிளையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

பொழுது சாயும்போது வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி வாசலில் பிள்ளையின் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி ஏறியது, தீக்குச்சி, தனித் தட்டு, அன்றைக்கு அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஓடிப்போனது, டாக்டரம்மா, டெய்லர் எல்லாம். அவள் பாதியிலேயே எழுந்து போனாள். கோபமாகப் போகிறாள் என்று நினைத்தேன். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். பிறகு அதே இடத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள்.

"வியாதியாவே இருந்திருந்தாலும் எங்கிட்டச் சொல்ல வேணாமா? புள்ளைய வெறுக்கிறீகன்னு நெனச்சு நெனச்சு எனக்குப் பாலே வத்திப் போச்சு" என்றாள்.

பிள்ளை விழித்துக்கொண்டது. இரண்டு மாதம் தொடாத அப்பன் என்று அதற்கு என்ன தெரியும்? என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் கழித்து, அந்த அண்ணனை ஒரு நாள் சாப்பிடக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றாள். நான் இழுத்தேன். வீட்டுச் சொந்தக்காரர் பக்கத்திலேயே இருக்கிறார், ஏதாவது சொல்வார், டெய்லரைக் கூட்டி வந்து அவமானப்படுத்தின மாதிரி ஆகிவிடும் என்று ஏதேதோ சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமாத் தனித் தட்டுல சாப்பிட்டீகளே, எப்படி இருந்துச்சு?" என்றாள்.

சனிக்கிழமை போகும்போது கூப்பிடுகிறேன் என்றேன்.

சனிக்கிழமை போனபோது புதுக் கைத்தாங்கி தயாராக இருந்தது. குழாயை வளைத்து வெல்டிங் வைத்தது தேனியில் ஒரு பட்டறை. உள்ளே ஒட்டியிருந்தது, பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்களின் செருப்புக்கென்று மருத்துவமனையில் வெட்டும் மெத்தென்ற ரப்பர். தகரத்தின் விளிம்பெல்லாம் ரெக்சின் மடித்துத் தைத்திருந்தார். ஆனால் அதைப் பூட்டியதும் வேலை முடிந்துவிடவில்லை. வீரபாண்டி வரை ஓட்டிவிட்டு வாருங்கள் என்றார். வந்ததும் சௌகரியமாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. சட்டைக் கையை மடக்கச் சொல்லி என் முன்கையைப் பார்த்தார். முழங்கைப் பக்கம் சிவந்திருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம். சிவப்பு போகவில்லை. அப்படியென்றால் பாரம் ஒரே இடத்தில் இறங்குகிறது, இடம் தப்பு என்றார்.

எனக்கு வலிக்கவில்லையே அண்ணே என்றேன்.

"வலிக்கிறப்ப நேரமாயிருக்கும். எனக்குக் கை சொல்லாது, கண்ணுதான் சொல்லும். அந்தப் பழக்கம் ஒங்களுக்கும் இருக்கட்டும்" என்றார்.

கிளாம்பைத் தளர்த்தி, முழங்கை எலும்பிலிருந்து நாலு விரல் தள்ளி, சதை உள்ள இடத்தில் ரப்பர் வரும்படி நகர்த்தினார். மறுபடி வீரபாண்டி. இந்தத் தடவை சிவப்பு சீக்கிரம் போய்விட்டது, ஆனால் கழுத்து பிடித்துக்கொண்டது. ரொம்பத் தாழ்ந்திருக்கிறது என்று கிளாம்புக்கு அடியில் இரண்டு வாஷர் வைத்து உயர்த்தினார். காற்று கொஞ்சம் கூடுதலாக முகத்தில் அடிக்கும், பரவாயில்லை, கழுத்துதான் முக்கியம் என்றார். மூன்றாவது தடவை கை இரண்டும் ரொம்ப நெருங்கி சைக்கிள் ஆடியது. தோள் அகலத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்கும்படி விரித்து வைத்தார். நாலாவது தடவை நான் வீரபாண்டியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய்விட்டேன். எதிர்காற்று சீறிக்கொண்டு வருகிறது, நான் குனிந்திருக்கிறேன், கை இரண்டும் தலையணையில் வைத்த மாதிரி கிடக்கிறது. திரும்பவே மனசு வரவில்லை. ஊருக்குள் நுழையும்போது மட்டும் கையைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பிரேக் அங்கேதான் இருக்கிறது என்று நாலைந்து முறை சொல்லி அனுப்பினார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் இரண்டு முறை கூப்பிட்டும் அவர் தட்டிக் கழித்துவிட்டார். கையில் சிவப்புத் தடம் விழுகிறதா என்று பார்க்க வாருங்கள் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். தன் சைக்கிளில் வந்து இறங்கி, வாசலிலேயே நின்று என் முன்கையைப் பார்த்தார். சுண்டுவிரலில் ஊசியால் லேசாகத் தொட்டார். நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். சரியாகிவிட்டது என்று சொல்லி, அப்படியே கிளம்பப் பார்த்தார்.

என் மனைவி உள்ளே கூப்பிட்டாள். அவர் நடையிலேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார். அவள் கூடத்தில் எனக்குப் பக்கத்தில் அவருக்கு இலை போட்டாள். அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தால், எப்போது முடியும், எப்போது எழுந்திருக்கலாம் என்று இருப்பவர் மாதிரி இருந்தது. இரண்டாம் முறை சோறு போட்டபோதுதான் கொஞ்சம் நிதானமானார்.

கை கழுவிவிட்டு வந்து சுவரோரம் நின்றார். பிள்ளை பாயில் குப்புறக் கிடந்து, தலையைத் தூக்கி அவரைப் பார்த்துச் சிரித்தது. அவர் குனிந்து வாயால் சத்தமெழுப்பி விளையாட்டுக் காட்டினார், ஆனால் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அது அவருக்குப் பழக்கமாகியிருக்க வேண்டும், எந்த வீட்டில் பிள்ளையைப் பார்த்தாலும் கையைப் பின்னால் கொண்டுபோவது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்லாம் தெரியும். யாருக்கும் ஒட்டாது என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருப்பதும் தெரியும். என் விரலைக் காப்பாற்றியவரே அவர்தான். ஆனாலும் அந்த நிமிஷம் நான் பிள்ளையைத் தூக்கி அவரிடம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கை எழவில்லை.

என் மனைவி வந்தாள். பிள்ளையைத் தூக்கினாள். நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமனப் பாருத்தா" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அவரிடம், "பிடிங்கண்ணே" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் முன்கை இரண்டையும் சேர்த்து நீட்டினார். விரல் படாமல் பார்த்துக்கொண்டார். அவள் பிள்ளையை அதில் படுக்க வைத்தாள். அவர் அசையாமல் நின்றார். பிள்ளை அவருடைய மடங்கிய சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைக்கப் பார்த்தது. அவர் பதறினார். என் மனைவி தடுக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை, இரண்டு கையிலும் பிள்ளை. அப்போதுதான் நான் எழுந்து போய் என் துண்டால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பதினொரு வருடம், மொபெட் வாங்குகிறவரைக்கும் அந்தக் கைத்தாங்கியோடுதான் லைன் பார்த்தேன். ரப்பர் தேயும்போதெல்லாம் அவரிடம் போவேன், புதிதாக வெட்டி ஒட்டுவார். என்னைக் கேலி செய்த டீக்கடைக்காரரே தன் தம்பிக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு டெய்லர் அண்ணன் எல்லாத் தீபாவளிக்கும் வந்தார். என் மகளுக்கு ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பாவாடை சட்டை தைத்தது அவர்தான். வீட்டுக்காரர் ஒரு முறை முகம் சுளித்தார். என் மனைவி அவரிடம் என்ன சொன்னாளோ தெரியாது, மறுமுறை சுளிக்கவில்லை.

விரல் முழுக்கச் சரியாகிவிட்டது. மார்கழிக் குளிரில் மட்டும் இடது சுண்டுவிரல் நுனி கொஞ்சம் மரத்துப் போகும். நான் பயந்தது ஒரு நோய்க்கு, ஆனால் நான் வாய் திறக்காததால் என் மனைவிக்கு அது மகள் மேல் வெறுப்பாகத் தெரிந்தது. நாம் மறைத்து வைக்கிற பயத்துக்கு நம்மைச் சேர்ந்தவர்கள் வேறொரு பெயர் வைத்துக்கொண்டு நமக்குத் தெரியாமல் அழுவார்கள் என்பதை அந்தப் புரட்டாசி எனக்குக் கற்றுக் கொடுத்தது. அன்றிலிருந்து இன்றுவரை வீட்டில் நான் எதையும் சொல்லாமல் வைத்துக்கொண்டு படுத்ததில்லை.